எலியின் பதற்றத்துக்குக் காரணம் ரசாயனமா, அழுத்தமா, நம் கையா?

இளவேனில்:
வாரக்கணக்கில் மன அழுத்தத்தில் கிடக்கும் எலிக்கு, தனியாகக் கொடுத்தால் ஒன்றும் செய்யாத அளவு ரசாயனமே பதற்றத்தைக் கிளப்பிவிடப் போதும். இது என் கட்சி. இந்த இணைய மன்றத்தின் வேறோர் இழையில் இதைச் சொன்னபோது, "ஆய்வக எலி எதைக் கண்டாலும்தான் நடுங்கும், அதை வைத்து எதை நிரூபிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார் எண்சுவடி. இங்கே விரிவாகப் பேசலாம்.

அமெரிக்காவில் டெபோரா கோரி-ஸ்லெக்டாவின் குழு 2004இல் வெளியிட்ட ஈய ஆய்விலிருந்து தொடங்குகிறேன். தாய் எலிகளுக்குக் குடிநீரில் ஈயம். சூல்கொண்ட காலத்தில், அசைய முடியாதபடி அடைத்து வைக்கும் அழுத்தம். ஈயம் மட்டும், அழுத்தம் மட்டும், இரண்டும், இரண்டும் இல்லை என நான்கு குழுக்கள். குட்டிகளிடம் தெரிந்த மாற்றங்களில் சில, இரண்டும் சேர்ந்த குழுவில் மட்டுமே தெரிந்தன. இதில் வியக்க ஒன்றுமில்லை. ஈயமும் அழுத்தமும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, எலியின் ரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் என்னும் அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. அந்தச் சங்கிலியை இரண்டுமே பிடித்து ஆட்டுகின்றன.

எண்சுவடி:
கேலி செய்யவில்லை, கேள்விதான் கேட்டேன். திரும்பவும் கேட்கிறேன்: எலிக்குப் பதற்றம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

பதற்றத்தை அளக்கும் சோதனையைப் பற்றி வெளியாட்களுக்காக ஒரு விளக்கம். தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில், கூட்டல் குறி வடிவில் ஒரு மேடை. நான்கு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. எலியை நடுவில் இறக்கிவிட்டு 5 நிமிடம் கவனிக்கிறார்கள். சுவரில்லாத கையில் குறைவாக நடமாடினால் "பதற்றம் கூடிவிட்டது". அந்த ரசாயனத்தால் எலிக்கு வயிற்றுவலியோ மந்தமோ வந்திருந்தால்? மூலையில் சுருண்டு கிடக்கும். அதையும் பதற்றக் கணக்கில்தான் எழுதுவீர்கள்.

இன்னொன்று. 1999இல் கிராப் என்பவரும் வேறு இருவரும் சேர்ந்து ஆல்பனி, எட்மண்டன், போர்ட்லாண்ட் ஆகிய மூன்று ஊர் ஆய்வகங்களில் ஒரே வம்சச் சுண்டெலிகளை, ஒரே மாதிரிக் கருவிகளில், ஒரே முறைப்படி சோதித்தார்கள். தீவனம் முதற்கொண்டு ஒன்றாக வைத்தும் மூன்று இடத்திலும் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. அப்படிப் பிசகிய சோதனைகளில் இந்தக் கூட்டல் மேடையும் ஒன்று.

இளவேனில்:
வயிற்றுவலிக் கேள்விக்கு விடை எப்போதோ வந்துவிட்டது. சுவருள்ள கைகளுக்குள் எலி எத்தனை முறை நுழைகிறது என்பதையும் எண்ணுகிறோம். மந்தமான எலி எங்குமே போகாது. பதறும் எலி சுவருள்ள பக்கம் தாராளமாக ஓடும். டயஸிபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்தைக் கொடுத்தால் எலி திறந்த கையில் கூடுதல் நேரம் நிற்கிறது என்று 1985லேயே காட்டியிருக்கிறார்கள். குருட்டாம்போக்கில் கட்டிய மேடையல்ல அது.

கூண்டுக்காரர்:
இருபத்திரண்டு ஆண்டுகள் விலங்குக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் இருவரும் மேடையையே பேசுகிறீர்கள். மேடைக்கு வருவதற்கு முன் எலி என்ன பாடுபடுகிறது என்று நான் சொல்கிறேன்.

மருந்து கொடுக்கும் விதம் இது. எலியின் பிடரித் தோலைச் சேர்த்துப் பிடித்து, தலையைச் சற்றே நிமிர்த்தி, முனையில் சின்ன உருண்டை வைத்த வளைந்த ஊசியைக் கடைவாய் ஓரமாக உள்ளே விட வேண்டும். உணவுக்குழாயில் அது தானாக வழுக்கிக்கொண்டு இறங்கும். தடுத்தால் நிறுத்திவிட வேண்டும், மூச்சுக்குழாயாக இருக்கலாம். பழகிய கைக்கு ஐந்தாறு நொடி வேலை. புதிதாக வரும் மாணவர் கை நடுங்கினால் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் எலி என் கையுறை முழுக்கச் சிறுநீர் கழித்திருக்கும், கண்ணோரம் சிவப்பாக ஒரு கசிவு வந்திருக்கும். ரத்தம் என்று புதியவர்கள் பயப்படுவார்கள். ரத்தமல்ல, கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியின் நிறமி. துன்பப்படும் எலிக்கு அது கூடுதலாக வரும்.

நான்காம் நாள் நான் தள்ளுவண்டியை அறைக்குள் கொண்டுவரும்போதே, சக்கரச் சத்தம் கேட்டு எல்லாக் கூண்டிலும் எலிகள் பின்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ரசாயனம் பெறாத ஒப்பீட்டுக் குழுவும்தான். அவற்றுக்கும் அதே ஊசிதான், உள்ளே வெறும் சோள எண்ணெய்.

எண்சுவடி:
ஐயா, இதைத்தான் சொல்ல வந்தேன், இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்ல வரவில்லை. ஆக, "அழுத்தமில்லாத குழு" என்று ஒன்று காகிதத்தில்தான் இருக்கிறது.

"ரசாயனமில்லாத குழு"வும் அப்படித்தான். 1998இல் பாட்ரிசியா ஹன்ட்டின் ஆய்வகத்தில், எந்த மருந்தும் கொடுக்காத சுண்டெலிகளின் கருமுட்டைகளில் திடீரென்று குரோமோசோம் கோளாறுகள் கூடின. தேடிப் பார்த்தால், பாலிகார்பனேட் கூண்டுகளையும் தண்ணீர் புட்டிகளையும் தவறான, காரமான சோப்புத் திரவத்தில் கழுவியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் அரிக்கப்பட்டு அதிலிருந்து பிஸ்பீனால்-ஏ என்னும், அந்தப் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ரசாயனம் கசிந்திருக்கிறது. அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடிக்காத கூடங்கள் எத்தனையோ.

மருதன்:
கூண்டுக்காரர் ஐயா, வாலைப் பிடித்துத் தூக்குவதும் அப்படித்தானா?

கூண்டுக்காரர்:
சுண்டெலிக்கு அதுவே பெரிய பயம். லிவர்பூலில் ஹர்ஸ்ட், வெஸ்ட் இருவரும் 2010இல் ஆய்ந்து எழுதிவிட்டார்கள்: வாலைப் பிடிக்காமல் ஒரு குழாய்க்குள் நுழையவிட்டோ, உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்தால் பதற்றம் குறைகிறது. எங்கள் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த்துண்டை அறுத்துப் போட்டோம். ஒரு வாரத்தில் தானாக ஏறி உட்கார்ந்துகொண்டன.

இளவேனில்:
ஐயா சொல்வதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். அதிலிருந்து எண்சுவடி இழுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். ஊசியின் துன்பம் எல்லாக் குழுவுக்கும் சமம் என்றால், குழுக்களுக்கு இடையே மிஞ்சும் வேறுபாட்டுக்கு ஊசி பொறுப்பாகாது. மேலும் எல்லோரும் ஊசியால் கொடுப்பதில்லை. ஈயத்தைக் குடிநீரில் கலக்கிறார்கள் என்று முதலிலேயே எழுதினேன்.

மேடையில் நம்பிக்கை இல்லையென்றால் மூளையைப் பாருங்கள். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியின் குழு, எலிகளை நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 10 நாட்கள் அசையவிடாமல் வைத்தது. 2002இல் வெளியான முடிவு: நினைவுக்கான ஹிப்போகேம்பஸில் நரம்பணுக்களின் கிளைகள் சுருங்கின; அச்சத்துக்கான அமிக்டலாவிலோ கிளைகள் வளர்ந்தன. பிறகு 21 நாட்கள் தொந்தரவே செய்யாமல் விட்டார்கள். 2004இல் எழுதினார்கள்: ஹிப்போகேம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது, அமிக்டலா திரும்பவில்லை, பதற்றமும் போகவில்லை. நுண்ணோக்கியில் தெரியும் கிளைக்கு வயிற்றுவலி ஏது?

எண்சுவடி:
அருமையான ஆய்வு, ஏற்கிறேன். ஆனால் அதில் ரசாயனமே இல்லை. நான் அழுத்தத்தை எப்போது மறுத்தேன்? இரண்டும் சேர்ந்தால் பெருகும் என்கிற உங்கள் கட்சியைத்தான் சந்தேகிக்கிறேன்.

மருதன்:
பெருகும் என்பதற்கு வளைகுடாப் போர் ஆய்வு இருக்கிறதே. நரம்பு நச்சிலிருந்து காக்கச் சிப்பாய்களுக்குப் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை கொடுத்தார்கள். சாதாரணமாக அது மூளைக்குள் எளிதில் போகாது. சுண்டெலிகளைத் தண்ணீரில் நீந்தவிட்டு அழுத்தம் கொடுத்தால், வழக்கமான அளவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அது மூளை நொதியைப் பாதி முடக்கிவிடுகிறது என்று இஸ்ரேலியர் குழு 1996இல் எழுதியது.

எண்சுவடி:
எழுதியது. பிறகு வேறு ஆய்வகங்கள் எலியிலும் சுண்டெலியிலும் திரும்பச் செய்து பார்த்தன. அழுத்தத்தால் அந்த மருந்து மூளைக்குள் கூடுதலாக நுழைவதாகப் பல ஆய்வுகளில் தெரியவில்லை. முதல் செய்தியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், அடுத்து வந்ததை யாரும் பேசுவதில்லை.

மருதன்:
அடுத்து வந்தது எனக்குத் தெரியாது. அந்த எடுத்துக்காட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

இளவேனில்:
ஒரு மருந்தில் தவறியதால் எல்லாவற்றிலும் தவறு என்றாகிவிடாது. பைரிடோஸ்டிக்மினுக்கு, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடை திறக்க வேண்டும். ஈயத்துக்கு அந்தத் தடையே பெரிதல்ல, அதிலும் கருவில். நானே என் முனைவர் பட்டத்துக்குப் பூச்சிக்கொல்லி ஒன்றை வைத்து இதே நான்கு குழு ஆய்வைச் செய்திருக்கிறேன். சூல்கொண்ட எலிகளுக்குக் கொடுத்து, குட்டிகளை மேடையில் சோதித்தேன். 64 குட்டிகள். இரண்டும் சேர்ந்த குழுவில் வேறுபாடு தெளிவாக இருந்தது.

எண்சுவடி:
எத்தனை தாய்கள்?

இளவேனில்:
குட்டிகளைத்தானே சோதித்தேன்.

எண்சுவடி:
மருந்தையும் அழுத்தத்தையும் தாய்க்குத்தானே கொடுத்தீர்கள். ஒரு தாயின் எட்டுக் குட்டிகள் ஒரே கருப்பை, ஒரே பால், ஒரே அரவணைப்பு. ஒருத்தி தன் குட்டிகளை நன்றாக நக்கிப் பேணுபவளாக இருந்தால் எட்டும் துணிச்சலாக வளரும். அவை எட்டுச் சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சி எட்டு முறை பேசுகிறது. அதனால்தான் தாய்க்கணக்கு கேட்கிறேன்.

கூண்டுக்காரர்:
உண்மைதான் அம்மா. சில தாய்கள் கூட்டைக் கலைத்துப்போட்டு மிதித்துக்கொண்டு திரியும். அந்தக் குட்டிகள் வளர்ந்தபிறகும் கை பட்டால் துள்ளும்.

இளவேனில்:
நேற்று பதில் எழுதாததற்குக் காரணம், பழைய குறிப்பேட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். தாய்கள் 8. நான்கு குழுக்கள். குழுவுக்கு 2 தாய்கள்.

ஈய ஆய்வைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. என் ஆய்வை இனி இந்த விவாதத்தில் சாட்சிக்கு இழுக்க மாட்டேன். தாய்வாரியாகச் சராசரி எடுத்து இன்று காலை மறுபடி வரைந்து பார்த்தேன். இரண்டும் சேர்ந்த குழுவில் ஒரு தாயின் குட்டிகள் முழுக்கச் சுவரோரம், இன்னொரு தாயின் குட்டிகள் ஒப்பீட்டுக் குழுவைப் போலவே இருக்கின்றன.

எண்சுவடி:
அந்த முதல் தாயைப் பற்றிக் குறிப்பேட்டில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறீர்களா?

இளவேனில்:
ஒரு வரி இருக்கிறது. "கூடு கட்டவில்லை."