50 வயதைத் தாண்டியவர்கள் பார்பெல் தூக்குவது: வாரம் எத்தனை நாள், எவ்வளவு கனம்?

கரும்புக்காடு54 எழுதியது:

வணக்கம். டர்பனுக்கு வடக்கே பீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். வயது 54, எடை 82 கிலோ. பிரஷருக்குத் தினமும் ஒரு மாத்திரை உண்டு, சர்க்கரை இல்லை. ஜிம்மில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. அங்கே பையன்களுக்குக் கொடுக்கும் அட்டவணையையே எனக்கும் கொடுத்திருக்கிறார்கள்: வாரம் ஐந்து நாள், ஒரு நாளைக்கு ஓர் உறுப்பு, ஒவ்வொரு செட்டும் கை ஓயும்வரை. இப்போது வலது முழங்கையின் வெளிப்பக்கமும் இடது முழங்காலின் முன்பக்கமும் வலிக்கின்றன.

இந்த வயதில் கனம் தூக்கலாமா, இல்லை சின்ன டம்பெல்லோடு நிறுத்திக்கொள்வதா? வாரம் எத்தனை நாள் போதும்? பிரஷர் இருப்பவர் எதில் கவனமாக இருக்க வேண்டும்? புரட்டாசி வருகிறது, அந்த மாதம் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. புரதத்துக்கு என்ன செய்வது?

பழைய_பார்பெல் எழுதியது:

அண்ணா, அந்த அட்டவணையில் குற்றமில்லை, அது இருபது வயது உடம்புக்கு எழுதியது. புதிதாகத் தூக்குபவருக்குத் தசை மூன்று நான்கு வாரத்திலேயே பலம் காட்டிவிடும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் அந்த வேகத்துக்கு வராது, அது உறுதிப்பட மாதக்கணக்கு ஆகும். வயது ஏற ஏற இந்த இடைவெளி இன்னும் நீளும். "நேற்று 40 கிலோ லேசாக வந்தது, இன்று 50 போடுவோம்" என்று தோன்றும் சமயத்தில்தான் முழங்கையும் முழங்காலும் தோளும் கெடுகின்றன.

வாரம் இரண்டு நாள் போதும், திங்களும் வியாழனும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் போனால் மூன்றாவது நாளைச் சேர்க்கலாம். இரண்டு நாளும் உடம்பு முழுவதுக்கும் வேலை இருக்க வேண்டும்.

முதல் நாள்: முழங்கால் உயரப் பெட்டியில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட் 3 செட், செட்டுக்கு 6 முறை. பெஞ்சில் படுத்து டம்பெல்லை மேலே தள்ளுவது 3 செட், 8 முறை. கேபிளை இழுக்கும் ரோ 3 செட், 10 முறை. கடைசியில் இரண்டு கையிலும் கனத்தைத் தொங்கவிட்டு 30 மீட்டர் நடை, மூன்று தடவை.

இரண்டாம் நாள்: ட்ராப் பாரில் (நடுவில் நின்று இரண்டு பக்கமும் பிடிக்கும் பார்) டெட்லிஃப்ட், அதாவது கீழிருந்து கனத்தை எடுத்து நிமிர்வது, 3 செட், 5 முறை. ட்ராப் பார் இல்லாத ஜிம்மானால் சாதா பாரையே கட்டை மேல் ஏற்றிவைத்துத் தூக்கலாம். பாரின் ஒரு முனையைத் தரை மூலையில் ஊன்றி மறுமுனையைத் தோளிலிருந்து மேலே தள்ளுவது 3 செட், 8 முறை. தலைக்கு மேலிருந்து கீழே இழுக்கும் மெஷின் 3 செட், 10 முறை. படி ஏறி இறங்குவது காலுக்கு 8 முறை, 2 செட்.

பெரிய தூக்குகளுக்கு நடுவில் 3 நிமிடம் உட்காருங்கள், மற்றதற்கு ஒன்றரை நிமிடம் போதும். மொத்தம் ஐம்பது நிமிட வேலை.

கை ஓயும்வரை போகவே வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று முறை ஒழுங்காக வரும் என்று தோன்றும்போதே பாரை வைத்துவிடுங்கள். கடைசி இரண்டு முறையில் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான், அதிலிருந்து உடம்பு தேறுவதற்கான செலவோ பெரிது. 25 வயதில் ஒரே இரவில் அடையும் அந்தக் கடன் 54இல் மூன்று நாள் இழுக்கும்.

கனம் ஏற்றும் விதம்: மூன்று செட்டிலும் எண்ணிக்கை முழுமையாக வந்து, வடிவமும் கெடாமல் இருந்தால் அடுத்த வாரம் ஸ்குவாட்டுக்கும் டெட்லிஃப்டுக்கும் 2.5 கிலோ கூட்டுங்கள். கைப்பயிற்சிகளுக்கு 1 கிலோவுக்கு மேல் வேண்டாம். பெரும்பாலான ஜிம்களில் 1.25 கிலோவுக்குக் கீழ் பிளேட் இருக்காது. அரைக் கிலோ பிளேட் ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெல்ட்டையும் கையுறையையும்விட அதிகமாக உதவும். நான்காவது வாரம் கனத்தைக் குறைக்காமல் செட்டுகளை மட்டும் பாதியாக்குங்கள்.

வார்ம் அப்பில் பலரும் ட்ரெட்மில்லில் பத்து நிமிடம் நடந்துவிட்டு நேரே கனத்துக்குப் போகிறார்கள். நடை உடம்பைச் சூடாக்கும், ஆனால் அந்தந்த மூட்டு அந்தந்த அசைவுக்குத் தயாராக வேண்டுமே. அன்றைய கனம் 60 கிலோ என்றால் வெறும் பாரில் (20 கிலோ) 10 முறை, 30இல் 5, 40இல் 3, 50இல் 1, பிறகு 60.

முழங்கை: வெளிப்பக்க வலி பெரும்பாலும் மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளின் நாணிலிருந்து வருவது. வாரம் ஐந்து நாளும் எதையாவது இறுகப் பிடித்துக்கொண்டே இருந்ததன் விளைவாக இருக்கலாம். பிடிப்பு வேலையைப் பாதியாக்குங்கள், இழுக்கும் பயிற்சிகளில் மணிக்கட்டில் கட்டிப் பாரில் சுற்றும் ஸ்ட்ராப் போடுங்கள். முழுதாக நிறுத்திவிட வேண்டாம். ஓய்வில் வலி தணியும், நாண் பலப்படாது. பத்துக்கு மூன்று அளவு வலிவரை பொறுத்துச் செய்யலாம், மறுநாள் அதே நேரத்துக்குள் அது பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் அன்றைய கனம் அதிகம் என்று அர்த்தம். முழங்காலுக்கும் இதே கணக்குத்தான்: பெட்டியை உயர்த்துங்கள், மூன்று எண்ணி இறங்குங்கள். வீக்கமோ, மடங்காமல் பூட்டிக்கொள்வதோ, இரவில் எழுப்பும் வலியோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

உம்கேனி_கரை எழுதியது:

ஐம்பதுக்கு மேல் கனம் எதற்கு? 3 கிலோ டம்பெல்லில் இருபது முப்பது முறை செய்தால் மூட்டும் பிழைக்கும், உடம்பும் இளைக்கும். பெரியவர்களுக்கு அதுவே பத்திரம்.

வெள்ளைக்கோட்டு எழுதியது:

உம்கேனி அண்ணா, மன்னிக்க வேண்டும், இதை அப்படியே விட மனம் வரவில்லை. முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம்வரை தசை குறைகிறது, அறுபதுக்குப் பின் இன்னும் வேகமாக. தசையின் அளவைவிடப் பலம் முந்திப் போகும், பலத்தையும் முந்திப் போவது வேகம். கால் தடுக்கியவர் சட்டென்று மறுகாலை முன்னே வைத்து நிற்பாரா, இடுப்பெலும்பு உடைய விழுவாரா என்பது அந்த வேகத்தில் இருக்கிறது. 3 கிலோவை முப்பது முறை ஆட்டுவதில் அது திரும்பாது. தசை வளர லேசான கனமும் உதவும்தான், ஆனால் களைப்பின் எல்லைக்கு அருகே போனால்தான். பலத்துக்கும் எலும்புக்கும் கனமே வேண்டும்.

1990இல் பாஸ்டனில் முதியோர் இல்லவாசிகள் பத்துப் பேருக்கு, எல்லோரும் தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள், எட்டு வாரம் கால்களுக்குக் கனமான பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரி 174 சதவீதம் கூடியது. மேற்பார்வையோடு, ஒவ்வொருவரின் அளவுக்கு ஏற்றிய கனம் அது. "கனம்" என்றால் 100 கிலோ என்று நினைக்க வேண்டாம். உங்களால் எட்டு முறை மட்டும் ஒழுங்காகத் தூக்க முடிவது எதுவோ, அதுவே உங்கள் கனம்.

வீட்டிலேயே ஒரு சோதனை: கையை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? 60 முதல் 64 வயதுவரை ஆணுக்கு 14க்குக் கீழேயும் பெண்ணுக்கு 12க்குக் கீழேயும் போனால் கால் பலம் போதாது. கரும்புக்காடு அண்ணா இன்னும் இளையவர், அதைவிடக் கூடவே வர வேண்டும்.

இனி பிரஷர். எடையைவிட அடக்கிய மூச்சுதான் ஆபத்து. 1980களில் கனடாவில் உடற்பயிற்சி வீரர்கள் இரண்டு காலாலும் லெக் பிரஸ் தள்ளும்போது அவர்களின் பிரஷரைத் தமனிக்குள்ளேயே அளந்தார்கள். சராசரி 320க்கு 250, ஒருவருக்கு 480ஐத் தாண்டியது. இளம் இரத்தக்குழாய் சில விநாடி தாங்கிவிடும். மாத்திரை சாப்பிடுபவர்கள் இறங்கும்போது மூச்சை இழுத்து, தள்ளி எழும் கடினமான இடத்தில் வாய்வழியே விடுங்கள், செட் முழுக்க அடக்காதீர்கள். கனம் நகராமல் நின்றுவிட்டால் முக்கிப் பார்க்காமல் வைத்துவிடுங்கள். ஓய்வில் 180க்கு 110க்கு மேல் காட்டும் நாளில் ஜிம்முக்குப் போக வேண்டாம்.

என்ன மாத்திரை என்பதையும் பாருங்கள். பீட்டா பிளாக்கர் என்றால் இதயத் துடிப்பு கூடாது, கைக்கடிகாரத்தின் எண்ணை நம்பாமல் பேச்சு தடைபடுகிறதா என்று கவனியுங்கள். தண்ணீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் பிரிப்பது) என்றால் டர்பனின் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் வேர்வையும் சேர்ந்து தலை சுற்றும். புராஸ்டேட்டுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் அப்படித்தான், பெஞ்சிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள்.

நம் வீடுகளில் சர்க்கரை அதிகம் என்பதால் படிப்பவர்களுக்காக: இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்திவிடும் மாத்திரையோ எடுப்பவர்கள் தொடங்கும்முன் அளந்து, 5 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால் 15 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். இரவிலும் தாழலாம். சர்க்கரையால் கண்ணின் விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைத்திருக்கின்றன என்று கண் டாக்டர் சொல்லியிருந்தால், அவர் அனுமதிக்காமல் முக்கித் தூக்கும் எதுவும் வேண்டாம்.

டோங்காட்_தாமரை எழுதியது:

பெண்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மாதவிடாய் நின்ற பின் எலும்பு வேகமாகக் கரையும், நடை மட்டும் அதைத் தடுக்காது. ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களுக்கு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம் டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்குதல் என்று கனமாகவே கொடுத்து, முதுகெலும்பின் அடர்த்தி கூடியதைப் பார்த்தார்கள். முதல் மாதம் முழுக்க லேசான எடையில் வடிவம் மட்டும் கற்றுக்கொடுத்தார்கள், பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றார். அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள், அக்காமாரே. எலும்பு முறிவு இருந்தவர்கள் முதுகை வளைத்துத் தூக்கவே கூடாது.

புரட்டாசிக் கேள்விக்கு வருகிறேன். பயிற்சி செய்யும் 54 வயதுக்காரருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று வையுங்கள். 82 கிலோவுக்கு ஏறக்குறைய 100 கிராம். வயதான தசைக்கு ஒரே வேளையில் 30 கிராமாவது சேர்ந்து வந்தால்தான் நன்றாகப் பிடிக்கும், அதனால் மூன்று வேளைக்கும் பிரித்துப் போடுங்கள். காலையில் தேநீரும் ரொட்டியும், இரவில்தான் முழுச் சாப்பாடு என்ற நம் பழக்கம் இதற்கு எதிரி.

வெந்த சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட பீன்ஸ் பயறு) ஒரு கப் 15 கிராம். வெந்த மைசூர்ப் பருப்பு ஒரு கப் 18. அமாசி (புளித்த பால்) கால் லிட்டர் 8. உலர்ந்த சோயா 50 கிராம் எடுத்து ஊறவைத்துக் கறிவேப்பிலையும் மசாலாவும் போட்டு வதக்கினால் 25. காலையில் அமாசியும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும், மதியம் சுகர் பீன்ஸ் கறி இரண்டு கப், இரவு சோயாவும் பருப்பும் என்றால் 100ஐ நெருங்கிவிடலாம். காலை வேளைதான் குறையும், அங்கே பால் புரதப் பொடி ஒரு கரண்டி போட்டால் சரியாகும். விரதம் முடிந்த பிறகு டின் ஃபிஷ் சட்னி இருக்கவே இருக்கிறது, நூறு கிராமில் 17, 18 கிராம் வரும். சோறு, உருளைக்கிழங்கு மட்டும் சாப்பிட்டு விரதம் இருக்கும் நாட்களில் கனத்தை ஏற்றாதீர்கள், இருந்ததைக் காப்பாற்றினால் போதும்.

சிறுநீரகம் பழுதுள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டர் சொல்லும் அளவுதான். பலத்துக்காகக் கிரியேட்டின் பொடி தினம் 3 கிராம் எடுப்பவர்கள் இரத்தப் பரிசோதனைக்குமுன் அதைச் சொல்லிவிடுங்கள். சிறுநீரகத்தைக் கணிக்கப் பார்க்கும் கிரியேட்டினின் எண் கூடிக் காட்டும், வீண் பயம் வரும்.

கரும்புக்காடு54 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. ஒலிம்பிக்கில் செய்வார்களே, ஒரே வீச்சில் பாரைத் தலைக்கு மேல் எடுக்கும் ஸ்னாட்ச், தோளில் நிறுத்திப் பிறகு மேலே தள்ளும் கிளீன் அண்ட் ஜெர்க், அதை இந்த வயதில் தொடங்கலாமா? இன்னொன்று, டெட்லிஃப்ட் குறைந்த எடையில் செய்தாலும் இடுப்பு பிடிக்கிறது, ஏன்?

பழைய_பார்பெல் எழுதியது:

ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். நம் டர்பனில் 1936இல் பிறந்த பிரெஷியஸ் மெக்கென்சியை நிறவெறி அரசு நாட்டுக்காகத் தூக்க விடவில்லை. இங்கிலாந்துக்குப் போய் 1966, 1970, 1974 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றார். நான்காவது தங்கம் 1978இல் நியூசிலாந்துக்காக. அப்போது அவருக்கு வயது 42. அவர் இளம் வயதிலிருந்து பழகியவர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். 54இல் புதிதாகத் தொடங்கும்போது தடை பலம் அல்ல, தோளும் கணுக்காலும்தான். துடைப்பக் கட்டையைத் தலைக்கு மேல் அகலப் பிடித்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முழுதாக உட்கார முடிகிறதா பாருங்கள். முடியாதவரை ஸ்னாட்சைத் தொடாதீர்கள். வேகம் வேண்டுமென்றால் 3 கிலோ மெடிசின் பந்தைச் சுவரில் எறிவது, 5 முறை 3 செட், வார்ம் அப் முடிந்த உடனே. போட்டி ஆசை இருந்தால் பவர்லிஃப்டிங்கில் (ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் மட்டும் உள்ள போட்டி) மாஸ்டர்ஸ் பிரிவு 40 வயதிலேயே தொடங்குகிறது, ஐம்பதுக்காரருக்குத் தனிப் பிரிவு உண்டு.

இடுப்புக்கு முதலில் பிளேட்டின் அளவைப் பாருங்கள். போட்டிப் பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், அதனால் பார் தரையிலிருந்து இருபத்திரண்டரை சென்டிமீட்டரில் நிற்கும். நீங்கள் 5, 10 கிலோச் சின்ன இரும்புப் பிளேட் போட்டால் பார் ஒரு சாண் உயரம்கூட இராது. அவ்வளவு கீழே குனிய முடியாமல் முதுகு வளைகிறது. கனம் குறைவுதான், ஆனால் எடுக்கும் இடம் தவறு. இரண்டு பக்கமும் கட்டையோ ரப்பர்ப் பலகையோ அடுக்கி, பார் முழங்காலுக்கு ஒரு கையகலம் கீழே நிற்கும்படி செய்யுங்கள். முதுகு நேராக நிற்கும் உயரம் எதுவோ அங்கே ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு பலகையாக எடுத்துவிடுங்கள்.

கரும்புக்காடு54 எழுதியது:

5 கிலோப் பிளேட்தான் போட்டிருந்தேன். வியாழக்கிழமை கட்டை வைத்துச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.