சீனப் பிள்ளைகளுக்குக் 'குறும்பு' ஆங்கிலம்: 'நாட்டி'யைத் தாண்டி என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

பினாங்கு டீச்சர்:
சீனப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். தம்பி, பூனைக்குட்டி, யாரைப் பற்றிக் கட்டுரை எழுதினாலும் 'நாட்டி', இல்லையென்றால் 'ஆக்டிவ்'. மாண்டரினில் தியாவ்பீ என்றால் நாட்டி, ஹுவோபோ என்றால் ஆக்டிவ் என்று மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஒரு பையன் 'மை கிராண்ட்ஃபாதர் இஸ் வெரி நாட்டி' என்று எழுதியிருக்கிறான். தாத்தா இவன் செருப்பை ஒளித்து வைப்பாராம். ஏன் அந்தச் சொல் கூடாது என்று கேட்கிறான். சின்னப் பையனிடம் என்னத்தைச் சொல்ல?

சொல்கிறுக்கன்:
'பெரியவர்களுக்கு அந்தச் சொல் வேண்டாம்' என்றால் போதும், விளக்கம் அவன் வளர்ந்த பிறகு தானே தெரியும். பெரியவர்களுக்குச் சொன்னால் 'நாட்டி'யில் கொஞ்சம் காம வாடை அடிக்கும். ஃப்ரிஸ்கியும் அதே ரகம். ஆட்டுக்குட்டி துள்ளினால் அழகு, ஆளுக்குச் சொன்னால் சங்கடம். தாத்தாவுக்கு மிஸ்சிவஸ் பொருந்தும். ப்ளேஃபுல் இன்னும் பத்திரம். மிஸ்சிவஸுக்கு மூன்றே அசை. 'மிஸ்சீவியஸ்' என்று இழுப்பவர்கள் இங்கிலாந்திலேயே உண்டு, அதனால் ரொம்பத் திட்டாதீர்கள்.

ஹுவோபோ பாராட்டு. ஆக்டிவ் ஓடியாடுவதை மட்டும்தான் சொல்லும். தினமும் நடைப்பயிற்சி போகிற உம்மணாமூஞ்சிகூட ஆக்டிவ்தான். கலகலப்பான பிள்ளைக்கு லைவ்லி. சத்தம் கூடி நாற்காலி உருண்டால் பாய்ஸ்டரஸ். வகுப்பு கைமீறிப் போனால் ரவுடி. நம்மூர் ரவுடி இல்லை, அரிவாள் எல்லாம் கிடையாது.

ஷென்ஜென்வாசி:
'ப்ளே'யையும் கவனியுங்கள் அக்கா. மாண்டரினில் 'வான்' என்பது வயது பார்க்காது. ஊர் சுற்றுவது, நண்பர் வீட்டில் அரட்டை, எல்லாமே அதில் அடக்கம். என் அலுவலகத்தில் நாற்பது வயதுக்காரர் 'கம் டு மை ஹவுஸ் டு ப்ளே' என்று கூப்பிடுவார். இன்னொருவர் விடுமுறைக்குப் பெய்ஜிங்கில் 'ப்ளே' பண்ணினாராம். முன்னவருக்கு 'ஹேங் அவுட்', பின்னவருக்கு வெறும் 'விசிட்'.

பினாங்கு டீச்சர்:
அருமை தம்பி. அப்புறம் சாஜியாவ்? பெண்பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

சொல்கிறுக்கன்:
தமிழில் சொன்னால், செல்லம் கொஞ்சிக் காரியம் சாதிப்பது. ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் தேடாதீர்கள். 'ஆக்டிங் க்யூட்' பாதிதான் ஒட்டும், கொஞ்சம் ஏளனமாகவும் கேட்கும். நடந்ததை அப்படியே எழுதச் சொல்லுங்கள்: உதட்டைப் பிதுக்கினாள், குழந்தைக் குரலில் இழுத்தாள், அப்பா ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.