மாதக் கடைசி வந்தால் வாய் எரிகிறது. டென்ஷன்தான் காரணமா?

கேள்வி:
இரண்டு வருடமாக இரு கன்னத்தின் உள்பக்கமும் வலை பின்னியதுபோல் வெள்ளைக் கோடுகள். இடது பக்கம் மட்டும் நடுவே சிவந்து உரிந்திருக்கிறது. பயாப்சி எடுத்து 'லைக்கன் பிளானஸ்' என்றார்கள். கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில் பல் தேய்த்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். லீவில் தானாக அடங்கிவிடும். "டென்ஷனைக் குறைங்க" என்று டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்படியானால் இது நானே இழுத்துவிட்டுக்கொண்டதா?

பதில் 1:
இல்லைங்க. உங்கள் நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்களே வாயின் உள்தோலைத் தாக்குவதால் வருவது இது. டென்ஷன் பற்றவைக்கிறது என்று சொல்ல முடியாது, எரிவதை ஊதிவிடுகிறது. டென்ஷனில் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் வழக்கமாக அழற்சியை அடக்கி வைக்கும். அழுத்தம் மாதக்கணக்கில் நீடித்தால் எதிர்ப்புச் செல்கள் அதன் பேச்சைக் கேட்பதில்லை. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில் 11 பல் மருத்துவ மாணவர்களுக்கு மேலண்ணத்தில் 3.5 மி.மீ. காயம் செய்தார்கள்: கோடை விடுமுறையில் ஒன்று, தேர்வுக்கு முன் ஒன்று. தேர்வு நேரத்துக் காயம் ஆற 40% கூடுதல் நாள் பிடித்தது. (பாவம், அந்த மாணவர்கள்!) அவர்களுக்கு லைக்கன் பிளானஸ் இல்லை, ஆறும் வேகத்துக்காக மட்டும் சொல்கிறேன்.

பதில் 2:
எனக்கும் இதேதான். காலண்டரில் குறித்து வைத்தேன். மோசமான நாள்கள் எல்லாம் தூக்கம் கெட்ட நாள்கள், தெரியாமலே கன்னத்தைக் கடித்த நாள்கள், களிம்பு பூச மறந்த நாள்கள். நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் இல்லாத பேஸ்ட்டுக்கு மாறியதில் காலை எரிச்சல் பாதியானது.

பதில் 3:
பிரஷர் மாத்திரை, வலி மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? சில மாத்திரைகளாலும் இதே மாதிரி கோடு வரும், டாக்டரிடம் சொல்லுங்கள். டென்ஷன்தானே என்று செக்கப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். சுமார் 100 பேரில் ஒருவருக்கு நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
மாத்திரை எதுவும் இல்லை. இப்போதுதான் டார்ச் அடித்துக் கண்ணாடியில் பார்த்தேன். இடது கன்னத்தில், பற்கள் சேரும் உயரத்திலேயே, நீளமாக ஒரு தடிப்பு. கணக்கு ஒத்துப்போகாதபோது அங்கேதான் கடிக்கிறேன் போல. அப்புறம் இன்னொன்று: களிம்பு பூசிய கையோடு தண்ணீர் குடித்துவிடுவேன். எவ்வளவு நேரம் விடணும்?

பதில் 2:
அரை மணி நேரமாவது. நானும் முதல் வருடம் முழுக்க அதைத்தான் செய்தேன்.