கோதுமை சீரியலை விட்டே ஆகணுமா?

கேள்வி: எனக்கு ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்). லோ ஃபோட்மேப் (குடலில் எளிதில் நொதிக்கும் சர்க்கரை வகைகளைக் குறைக்கும் உணவுமுறை) தொடங்கி 8 நாள். வெங்காயம், பூண்டு, பால் எல்லாம் நிறுத்திவிட்டேன். காலையில் சாப்பிடும் கோதுமைத் தவிட்டு சீரியலை மட்டும் விட மனசில்லை. 11 மணிக்கெல்லாம் வயிறு கல் மாதிரி உப்பிவிடுகிறது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம்தான் காரணமா?

பதில் 1: பெரும்பாலும் ஃப்ரக்டான், கோதுமையில் உள்ள ஒரு கார்போஹைட்ரேட். சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே நொதித்து வாயுவாகிறது. நான் ஓட்ஸுக்கு மாறினேன், ஒரு வேளைக்கு அரை கப். பெட்டியின் பின்புறத்தையும் படியுங்கள். தேன், இனுலின் (இதுவும் ஃப்ரக்டான்தான்), சிக்கரி வேர் இருந்தால் வேண்டாம். 'குளூட்டன் இல்லை' என்று போட்ட பெட்டியிலேயே இனுலின் பார்த்திருக்கிறேன்!

பதில் 2: கோதுமையை நிறுத்தும் முன் சீலியாக் (குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். நிறுத்திய பிறகு எடுத்தால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம். அவசரப்பட்டு நிறுத்திவிட்டு, பரிசோதனைக்காகவே நான் மறுபடி 6 வாரம் கோதுமை சாப்பிட்டேன். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி கேட்டவர்: நல்லவேளை, இன்னும் விடவில்லை. நாளைக்கே டாக்டரிடம் கேட்கிறேன்.