பிழை வரம்பு 5 என்று எழுதியபோது

சமுதாய மருத்துவ முதுநிலைப் படிப்பில், ஆய்வுத் திட்டத்தை நெறிமுறைக் குழுவிடம் அளிப்பதற்கு முந்தைய வாரம் எனக்கு நேர்ந்ததைப் பகிர்கிறேன். கிராமப்புறப் பெரியவர்களில் எத்தனை சதவீதத்தினருக்கு நீரிழிவு உள்ளது என்று அறிவதே என் ஆய்வு. முன்னோட்டக் கணக்கெடுப்பில் 10 சதவீதம் கிடைத்திருந்தது. எத்தனை பேரைப் பரிசோதிக்க வேண்டும் என்று கணக்கிட, மருத்துவ மாணவர்களிடையே ஆண்டாண்டாகக் கைமாறி வரும் சூத்திரத்தையே நானும் எடுத்துக்கொண்டேன்: 4, பி, கியூ மூன்றையும் பெருக்கி, எல் வர்க்கத்தால் வகுப்பது. பி என்பது எதிர்பார்க்கும் சதவீதம், கியூ என்பது 100 இல் எஞ்சியது, எல் என்பது விடை இருபுறமும் எத்தனை புள்ளிகள் விலகலாம் என்ற பிழை வரம்பு. 95 சதவீத நம்பிக்கை மட்டத்துக்கான 1.96 என்ற எண்ணின் வர்க்கம் 3.84, அதைத்தான் 4 என்று முழுமையாக்குகிறோம். பி 10, கியூ 90, பிழை வரம்பு 5 எனப் போட்டபோது 144 பேர் போதும் என்று விடை வந்தது. மூத்தவர்களின் ஆய்வேடுகள் பலவற்றிலும் 5 என்றே இருந்ததால் எனக்கு ஐயம் எழவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் தாளைப் படித்துவிட்டு, "நீ 10 என்று சொல்லப்போவது உண்மையில் 5 ஆகவும் இருக்கலாம், 15 ஆகவும் இருக்கலாம். மாத்திரைக்குத் தேவைப்பட்டியல் அனுப்பும் ஆரம்ப சுகாதார நிலையம் இதை வைத்து என்ன செய்யும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விகிதம் 50 சதவீதத்தை ஒட்டியிருக்கும்போது 5 புள்ளிகள் சிறியவை. விகிதமே 10 ஆக இருக்கும்போது அவை அதில் சரிபாதி என்பதை அன்றுதான் உணர்ந்தேன். விகிதத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேல் பிழை கூடாது என்று முடிவு செய்து, எல் மதிப்பை 2 ஆக்கினோம். மாதிரி அளவு 900 ஆயிற்று. பிழை வரம்பு வர்க்கமாக வகுபடுவதால், அதைப் பாதியாக்கினாலே மாதிரி நான்கு மடங்காகிவிடும். 5 என்பதை 2 ஆக்கியதற்கு ஆறேகால் மடங்கு கொடுக்க வேண்டியிருந்தது.

அத்துடன் முடியவில்லை. ஒரே ஊரில் வாழ்வோர் உணவிலும் உழைப்பிலும் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால், ஊர்களைக் கொத்தாகத் தேர்ந்தெடுக்கும் எங்கள் முறைக்கு 1.5 என்ற வடிவமைப்பு விளைவை (கொத்தாகத் தேர்ந்தெடுப்பதால் மாதிரியை எத்தனை மடங்காக்க வேண்டும் என்ற எண்) பெருக்கி 1,350 என்றோம். பத்தில் ஒருவர் கிடைக்காமல் போகலாம் என்பதற்காக அதை 0.9 ஆல் வகுத்தபோது 1,500 வந்தது. (1,350 உடன் அதன் 10 சதவீதத்தைக் கூட்டினால் 1,485 தான் வரும், பலரும் இவ்விடத்தில் தவறுகிறார்கள்.) பகலில் நூறு நாள் வேலைக்குச் சென்றவர்களைச் சந்திக்க மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வீடு வீடாகச் சென்றோம். கள வேலை மும்மடங்கு நீண்டது. ஆயினும் அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகப் பேராசிரியருக்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன்.

* * *

மேலே எழுதிய மருத்துவரின் அனுபவத்தோடு என்னுடையதையும் சேர்க்கிறேன். தடுப்பூசிக் கணக்கெடுப்பில் களப்பணியாளராக இருந்தேன். உலக சுகாதார நிறுவனம் பரப்பிய பழைய முறைப்படி 30 கொத்துகள், கொத்துக்கு 7 குழந்தைகள், ஆக 210 பேர். விகிதம் 50, பிழை வரம்பு 10 என்று கொண்டு, 4 என்று முழுமையாக்காமல் 3.84 ஐயே போட்டால் 96 வரும். வடிவமைப்பு விளைவாக 2 ஐப் பெருக்கினால் 192. அதை 30 கொத்துகளுக்குச் சமமாகப் பங்கிட்டால் வரும் 6.4 ஐ 7 ஆக உயர்த்தியதில் பிறந்ததே 210.

அறிக்கை தயாரானபோது, எந்த ஊர் பின்தங்கியது என்று காட்ட ஊர்வாரியாக ஓர் அட்டவணை கேட்டார்கள். ஒவ்வோர் ஊருக்கும் எங்களிடம் இருந்தவை 7 குழந்தைகளின் விவரங்கள் மட்டுமே. அதே சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் 7 பேருக்கான பிழை வரம்பு ஏறத்தாழ 37 புள்ளிகள். இரண்டு குழந்தைகள் விடுபட்டதற்காக ஓர் ஊரின் செவிலியர் கண்டிக்கப்படக்கூடும் என்பது என்னை மிகவும் வருத்தியது. அக்கணக்கை ஒரு தாளில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு ஊர்வாரி அட்டவணையை அறிக்கையிலிருந்து நீக்கினார்.