தண்ணி டேங்க் விரிசல் விடறது வெயிலாலயா, செய்யற ஓவனாலயா?

ரோட்டோ செல்வம்:
நேத்து இன்னொரு திரியில ஒருத்தர் எழுதியிருக்காரு, தண்ணி டேங்க் கறுப்பா இருந்தா போதும், எப்படி செஞ்சாலும் வெயில் ஒண்ணும் பண்ணாதுன்னு. படிச்சதுல இருந்து மனசு ஆறல. இந்த டேங்க் எல்லாம் பிளாஸ்டிக் பவுடர மோல்டுல (அச்சுல) போட்டு, ஓவனுக்குள்ள சுத்த விட்டு உருக்கிச் செய்யறது. ஓவர்குக் ஆன, அதாவது ஓவன்ல சூடு அதிகமாப் போன டேங்க்குக்குள்ள தலைய விட்டு ஒரு தடவ மோந்து பாருங்க, காந்தல் வாடை அடிக்கும். டேங்க் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீன் 200 டிகிரி சுமாருக்கு வந்ததும் ஓவன்ல இருந்து எடுத்துரணும், அதத் தாண்டி ரொம்ப மேல போனா உள்பக்கம் ஆக்சிஜனோட சேர்ந்து கெட ஆரம்பிச்சிரும், கெடாம காக்க சேக்கற ஆன்டிஆக்சிடன்ட் எல்லாம் அங்கயே செலவாயிரும், அப்புறம் மொட்டமாடில அது எத்தன வருஷம் நிக்கும்?

பாலிமர் பிரபு:
அந்த "ஒருத்தர்" நான்தான், பேரச் சொல்லியே திட்டலாம். 200 டிகிரியாம்! நான் போன யூனிட்ல எல்லாம் மீட்டர் 280, 300ன்னு காட்டுது. 200ல வச்சா பவுடர் உருகி முடியறதுக்குள்ள ஷிப்ட் முடிஞ்சிரும். இன்னொண்ணு, வெயில்ல தரைக்கு வர்ற புறஊதாக் கதிரோட அலைநீளம் 290 நானோமீட்டருக்கு மேலதான், கார்பன் பிளாக்ங்கற கறுப்புப் பொடி ரெண்டு சதவீதம் நல்லா பரவி இருந்தா அது மேல்தோல்லயே நின்னுரும். வெயில் அடிக்கிறது வெளிய, நீங்க கெட்டுப்போச்சுங்கறது உள்ள. உள்ள எங்க சார் வெயில் வருது?

ரோட்டோ செல்வம்:
"நல்லா பரவி இருந்தா"ன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எப்படி பரவும்? எக்ஸ்ட்ரூடர்ல உருக்கி கலந்து அரைச்ச பவுடர்னா பரவும். காசு மிச்சம்னு மிக்ஸர்ல போட்டு சும்மா சுத்தினா கறுப்புப் பொடி பவுடர் மேல ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், மோல்டுக்குள்ள திரும்ப அதக் கலக்கறதுக்கு ஒண்ணும் கிடையாது, அங்கங்க திட்டுத்திட்டா நிக்கும், தட்டினா அந்த இடத்துலதான் விடும். கலர் ஒண்ணுதான், செஞ்ச விதம் வேற. நான் சொல்றது 200, அதுல மாத்தமில்ல.

பாலிமர் பிரபு:
300. போய் மீட்டரப் பாருங்க.

மாடித்தோட்டம் லதா:
எங்க வீட்டு டேங்க் அடிப்பக்கம் மூலைல மெல்லிசா கோடு விட்டுருக்கு, மேல ஒண்ணும் இல்ல. வாங்கி ரொம்ப நாள் கூட ஆகல. இது வெயிலா இல்ல வேறயா, யாராவது சொல்லுங்களேன்.

கடைக்காரர் கணேசன்:
அக்கா, டேங்க் கறுப்பா வெள்ளையா? கறுப்புன்னா மத்தியானம் தண்ணி கொதிக்கும், அதான் நான் எல்லாருக்கும் வெள்ளையே குடுக்கறேன்.

ரோட்டோ செல்வம்:
கணேசன் அண்ணே, தண்ணி சூட்ட பத்தி தனியா திரி போடுங்க. லதாம்மா, அடிப்பக்கம் சமமா, முழுசா தாங்கற மாதிரி மேடை இருக்கான்னு மொதல்ல பாருங்க. மூலைல சுவர் மெலிசா போறதும் மோல்ட் சுத்தற வேகத்தால ஆகலாம், அதுவும் வெயில் இல்ல.

முருகு:
ரெண்டு பேரும் வேற வேற சூட்ட பேசறீங்க. பிரபு சொல்றது ஓவன் காத்து. செல்வம் அண்ணே சொல்றது மோல்டுக்குள்ள இருக்கற காத்து. ஓவன் 300ல ஓடினாத்தான் உள்ள 200க்கு ஏறும்.

பாலிமர் பிரபு:
முருகு, நடுவுல வந்து அவருக்கு முட்டுக்குடுக்காதீங்க. அவரு 200ன்னுதான் எழுதினாரு, உள்ளன்னு எங்க எழுதினாரு? போன தடவ நாற்காலி திரியிலயும் இப்படித்தான், பாலிப்ரொப்பிலீன் நாற்காலி வெயில்ல வெளுத்து மாவா உதிருதுன்னு நான் சொன்னா, இல்ல, அரைச்ச பழைய மால் கலந்ததுதான் காரணம்னு ஒத்தக்கால்ல நின்னாரு.

ரோட்டோ செல்வம்:
இப்பவும் நிக்கறேன். திரும்பத் திரும்ப அரைச்சு உருக்கினா ஒவ்வொரு தடவையும் பிளாஸ்டிக்கோட மூலக்கூறுச் சங்கிலி அறுந்து சின்னதாகுது, கெடாம காக்கற ஸ்டெபிலைசர் குறையுது, ஆக்சிஜன் ஒட்டின இடங்கள் கூடுது, புறஊதாவ உறிஞ்சறதே அந்த இடங்கள்தான். சுத்தமான பாலிப்ரொப்பிலீன் 290க்கு மேல உறிஞ்சவே உறிஞ்சாது. வெயில் தீக்குச்சின்னா எண்ணெய ஊத்தி வைக்கிறது பேக்டரிதான்.

பாலிமர் பிரபு:
கேள்வி டேங்க்க பத்தி. உள்ள வெயில் எங்க வருது? மூணாவது தடவ கேக்கறேன்.

ரோட்டோ செல்வம்:
கேட்டது ரெண்டாவது தடவதான், பரவால்ல, பதில் இந்தாங்க. டேங்க்ல வெட்டின துண்ட மைனஸ் 40 டிகிரிக்கு குளிர வச்சு, வெளிப்பக்கம் மேல இருக்கற மாதிரி வச்சு மேல இருந்து ஒரு எடைய போடுவாங்க. அடி விழறது வெளிய, இழுபடறது உள்தோல். ஓவர்குக் ஆன துண்டுன்னா அந்த உள்தோல்தான் மொதல்ல விடும், கண்ணாடி மாதிரி சில்லு சில்லா போகும். வெயில் வெளித்தோல கெடுக்கும், ஓவன் ஏற்கனவே உள்தோல கெடுத்து வச்சிருக்கு, ரெண்டுக்கும் நடுவுல மிச்சம் என்ன இருக்கு? மெதுவா ஆற வச்சாலும் படிகம் கூடி மொறமொறன்னு ஆயிரும், அத நீங்க இன்னும் தொடவே இல்ல.

பாலிமர் பிரபு:
அது குளிர்ல உடைக்கிற சோதனை, வெயில் சோதனை இல்ல. நம்ம ஊர்ல எங்க சார் மைனஸ் 40?

கடைக்காரர் கணேசன்:
அதுக்குத்தான் சொல்றேன், வெள்ளை வாங்குங்க.

ரோட்டோ செல்வம்:
அண்ணே, வெள்ளைல ஓவர்குக் ஆனா உள்ள மஞ்சளாவாவது தெரியும், கறுப்புல அதுவும் தெரியாது. பிரபு, உங்க யூனிட்ல மோல்டுக்குள்ள சூடு பாக்கற கருவி இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.

பாலிமர் பிரபு:
ஓவன் மீட்டர் இருக்கு. 300.