அட்டாலிப் பொட்டியில ரெண்டு இஸ்பேட் ஆசு, எது அப்பாரோடதுங்க?

கதிர்_கோபி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. போன வாரம் எங்க பழைய ஓட்டு வீட்டப் பிரிச்சோம், அட்டாலி மேல கெடந்த அப்பாரோட (தாத்தாவோட) தகரப்பொட்டிய எறக்கித் தொறந்தா வேட்டிக்கு அடியில ரெண்டு துணி பேட்ஜ் இருந்துச்சுங்க, ரெண்டுலயும் சீட்டுக்கட்டுல வர்ற இஸ்பேட் ஆசு. கூடவே கிரீடம் போட்ட பித்தளைப் பட்டன் நாலு. ஒரு பேட்ஜ் பச்சைக் கம்பளித் துணி, அது மேல கருப்புத் துணிய வெட்டி வெச்சு கையில தெச்சிருக்குது, தையல் ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, ஓரத்துல ரெண்டு பூச்சி ஓட்டை, பின்னாடி துருப்பிடிச்ச டிச் பட்டன் ரெண்டு. இன்னொண்ணு மெசின் எம்ப்ராய்டரி, நேத்து கடையில வாங்குனாப்புல பளபளன்னு இருக்குது. அப்பாரு பர்மா சண்டைக்குப் போனவருன்னு மட்டும்தான் தெரியும், நான் ஒண்ணாவது படிக்கறப்பவே தவறிட்டாரு. கோயமுத்தூர்ல பழைய காசு வாங்குற ஒருத்தருகிட்ட காட்டுனேன், தையல் கோணலா இருக்குது, ரெண்டுமே டூப்ளிகேட், ஐநூறு தர்றேன் வெச்சுட்டுப் போங்கன்னாரு. மனசு ஒப்பலைங்க, எடுத்துட்டு வந்துட்டேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முன்னாள்_சிப்பாய்_மேட்டுப்பாளையம்:
தம்பி, நல்ல வேலை பண்ணுனீங்க, யாருக்கும் குடுத்துறாதீங்க. இது ராணுவத்துல 25வது இந்தியன் டிவிஷன்னு ஒரு பெரிய படைப்பிரிவோட அடையாளம், பச்சையில கருப்பு இஸ்பேட் ஆசு. 1942ல ஜப்பான்காரன் கடல் வழியா எறங்கிருவான்னு பயந்த காலத்துல தென்னிந்தியாவுலயே உருவாக்குன டிவிஷன் இது. பொறவு பர்மாவுல அரக்கான் பக்கம் அனுப்புனாங்க, சேறும் மலையும் ஓடையுமா கெடக்குற ஊரு. 1945 ஜனவரியில அக்யாப்ல எறங்குனாங்க, அந்த மாசக் கடைசியில காங்காவ்ல கடுஞ்சண்டை. அந்தச் சண்டையில டிவிஷனுக்குள்ள இருந்த 51வது பிரிகேடோட மூணு பட்டாலியனுக்கும் நம்ம இந்திய ஆபீசருங்கதான் கமாண்டர், அதுல ஒருத்தர் திம்மையா, 1957ல ராணுவத் தளபதியே ஆனாரு. உங்க அப்பாரு எந்த யூனிட்டுன்னு தெரியல, ஆனா இந்த பேட்ஜ் அவரோடதுன்னா அவரு பாத்துட்டு வந்தது லேசுப்பட்ட எடமில்ல தம்பி.

பட்டன் விசயம் சுலபம். 1950 ஜனவரி 26 குடியரசு ஆனதுக்கப்புறம் கிரீடம் போயி அசோகச் சிங்கம் வந்துருச்சு, அதனால பட்டன் அதுக்கு முந்தினது. பேட்ஜ்தான் சிக்கல். ஏன்னா 1948ல காஷ்மீர் பக்கம் இருக்குற ரஜோரியில அதே 25வது டிவிஷன திரும்ப உருவாக்குனாங்க, அதே இஸ்பேட் ஆசுதான், இன்னிக்கும் இருக்குது. செங்கழுகு போட்ட 4வது டிவிஷன், கருப்புப் பூனை போட்ட 17வது டிவிஷன் கதையும் இப்படித்தான். படத்த மட்டும் பாத்து வருசம் சொன்னா தப்பாப் போயிரும். உங்க வீட்ல வேற யாராச்சும் காஷ்மீர் பக்கம் வேலை பாத்தாங்களா?

நூல்காரர்_திருப்பூர்:
கதிரண்ணா, ராணுவம் எனக்குத் தெரியாதுங்க, நூலு தெரியும், இருபது வருசமா அதுலதான் இருக்கறேன். அந்த பளபளப்பு பேட்ஜோட பின்பக்கம் தொங்குற பிசிறு நூல் ஒண்ணே ஒண்ணு மட்டும் வெட்டி எடுங்க, பேட்ஜ தள்ளி வெச்சுட்டு இடுக்கியில புடிச்சு தீக்குச்சி காட்டுங்க. காட்டன்னா காகிதமாட்ட எரிஞ்சு சாம்பலாப் போயிரும். பாலியஸ்டர்னா சுருங்கி உருகி கருப்பா ஒரு கெட்டி மணி நிக்கும், நகத்துல அமுக்குனா நசுங்காது. பாலியஸ்டர கண்டுபுடிச்சதே 1941லதான், நூலா விக்க ஆரம்பிச்சது 1950க்கு மேல, அப்பறம் அது எப்படிங்க பர்மாவுக்குப் போயிருக்கும். ஆனா காட்டன்னு வந்துட்டா உடனே பழசுன்னு முடிவு கட்டிராதீங்க, காட்டன் நேத்தும் இருந்துச்சு இன்னிக்கும் இருக்குது.

இன்னொண்ணு, கள்ள நோட்டு பாக்குற ஊதா லைட்ட இருட்டுல அடிச்சுப் பாருங்க. நாங்க பிளீச்சிங்ல போடுற டினோபால் மாதிரி வெள்ளை ஏத்துற சரக்கு இருந்தா நீலமா ஜொலிக்கும், அந்த மாதிரி சரக்கு பரவலா வந்ததெல்லாம் சண்டை முடிஞ்சதுக்கப்புறம்தான். இப்பத்த சோப்புப் பவுடர்லயும் அது இருக்குது, அதனால பழைய துணிய ஒருவாட்டி ஊறப்போட்டு எடுத்தாலே ஜொலிக்க ஆரம்பிச்சுரும். தயவுபண்ணி ரெண்டையும் தொவைச்சுப் போடாதீங்க.

பழசு_ஈரோடு:
கோணல் தையல்னா டூப்ளிகேட்டுன்னு சொன்னது சுத்தத் தப்புங்க. சண்டைக் காலத்துல இங்க பேட்ஜ் ஏகப்பட்டது பஜார் டெய்லருங்க கையில தெச்சதுதான். இந்தியாவுல இருந்த அமெரிக்கச் சிப்பாய்ங்களே நம்ம ஆளுங்ககிட்ட ஜரிகையிலயும் தோலுலயும் பேட்ஜ் போட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க, அதத் தேடி அலையற ஆளுங்க இன்னிக்கும் உண்டு. டிச் பட்டன் இருக்குதுன்னீங்களே, எனக்கு அதுதான் நம்பிக்கை குடுக்குது. வேர்வைக்குச் சட்டைய தெனமும் வெளுக்கப் போடோணும், கம்பளி பேட்ஜ அப்படி அடிச்சுத் தொவைக்க முடியாது, அதனால கழட்டி மாட்டறாப்புல தெச்சுக்குவாங்க. அந்தத் துருவ தேய்ச்சு எடுக்காதீங்க, பூச்சி ஓட்டைய அடைக்காதீங்க, லேமினேசன் கீமினேசன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. மெடல் ஏதாச்சும் கெடைச்சா விளிம்பையும் பின்பக்கத்தையும் பாருங்க, பேரும் நம்பரும் வெட்டியிருந்தா யூனிட்டக் கண்டுபுடிச்சரலாம்.

கதிர்_கோபி:
நீங்க சொன்னபடியே பண்ணுனேனுங்க. பளபளப்புல ஒரு பிசிறு எடுத்துக் காட்டுனதும் உருகி கடுகாட்ட கருப்பு மணி நின்னுருச்சு. லைட் அடிச்சா அதோட ஓரம் பளிச்சுன்னு நீலமா ஜொலிக்குது, பச்சைக் கம்பளி இருட்டோட இருட்டா அப்படியே கெடக்குது. கம்பளியில உதுந்து கெடந்த ஒரு இழையக் கொளுத்துனேன், முடி கருகுற வாடைதான் வந்துச்சு.

காஷ்மீர்ல யாராச்சும் இருந்தாங்களான்னு அண்ணன் கேட்டதும்தான் பெரியப்பா நெனப்பே வந்துச்சு. சத்தியில இருக்காருங்க, ராத்திரி போன் போட்டேன். சித்த நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாரு, 1984ல ரஜோரியில இருந்தாராம், லீவுக்கு வந்தப்ப இந்த பளபளப்பு பேட்ஜ் வெச்ச ராணுவச் சட்டையோட வீட்டுக்குள்ள வந்திருக்காரு, அப்பாரு கைய நீட்டி அந்த பேட்ஜத் தடவிப் பாத்துட்டு "இதய எனக்குக் குடுத்துட்டுப் போறயா கண்ணு"ன்னு கேட்டாராம். எதுக்குன்னு இவரும் கேக்கல, அவரும் சொல்லல. அப்பாருகிட்டயும் அதே இஸ்பேட் ஒண்ணு இருந்துச்சுங்கறது பெரியப்பாவுக்கு நேத்து வரைக்கும் தெரியாதுங்க.

அப்ப ரெண்டுமே நெசந்தானுங்க, ஒண்ணு அப்பாரோடது, ஒண்ணு பெரியப்பாவோடது. வர்ற ஞாயித்துக்கெழமை பெரியப்பா கோபிக்கு வர்றாரு, ரெண்டையும் ஒட்டுக்கா வெச்சுப் பாக்கோணும்னு சொல்லியிருக்காரு. ஒரு மெடலும் அவருகிட்ட இருக்குதாம், விளிம்பப் பாத்துட்டு வந்து சொல்றேனுங்க.